முப்பரிமாணத்தில் இருக்கும் யன்னல் பிளானில் ஏன் இல்லை?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

கிளிநொச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். படவரைஞர் கற்கைநெறி முடித்தவர். வீட்டு பிளான் வரையும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை. இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு ஒன்றின் முன்னால் விறாந்தையும், பின்னால் ஓர் அறையும் குளியலறையும் சேர்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். வாசகி முழு வீட்டையும், முப்பரிமாண மொடலாகக் கட்டி அதிலிருந்தே படங்களை எடுக்கும் ரெவிட் மென்பொருளில் வரைந்துவிட்டார். பழைய வீட்டுத் தரையை 0 என்று வைத்திருக்கிறார். வளவு நிலம் அதற்கு 450 மி.மீ. கீழே. விறாந்தைத் தரை 150 கீழே. பின்னால் சேர்க்கும் அறையும் குளியலறையும், வெள்ளம் ஏறும் காணி என்பதால், பழைய தரையைவிட 300 மேலே.

முப்பரிமாணத்தில் எல்லாம் சரியாக நிற்கிறது. மேலிருந்து பார்க்கும் தரைப்படமான பிளானுக்கு வந்தால் குளியலறையின் இரண்டு காற்றுத்துவார யன்னல்களும் இல்லை, புதிய அறையின் யன்னல்களும் ஒழுங்காக வரவில்லை. விறாந்தைத் தரை தெரிகிறது, ஆனால் அதற்கு ஏறும் படிகளும் மலக்குழி மூடியும் தெரியவில்லை. கிணற்றடி மறைப்புச் சுவர் மெல்லிய கோடாக மட்டும் வருகிறது. கூரை விளிம்புக் கோடு இல்லை. “பழைய வீடு” என்று பெயரிட்டுப் பிரதி எடுத்த பிளானில் புதிய அறையே இல்லை. பொறியியலாளருக்கு அனுப்ப எடுத்த பிளானில் சுவர்கள் மறைந்து தூண்கள் மட்டும் நிற்கின்றன.

பிளானுக்காக வீட்டைக் கிடையாக வெட்டும் உயரமான வெட்டுமட்டத்தை 2200க்கு உயர்த்திப் பார்த்தாராம். காற்றுத்துவாரங்கள் வந்தன, பழைய வீட்டின் கதவு யன்னல்கள் எல்லாம் போய்விட்டன. இன்னொரு பிளானில் அந்த எண்ணை மாற்றும் இடமே மங்கிக் கிடக்கிறது. அலுவலகப் பெரியவர் “மென்பொருள் பழுது, அழித்துப்போட்டுத் திரும்ப ஏற்று, இல்லாட்டில் தெரியாத இடத்தில் கோட்டைக் கீறிவிடு” என்றிருக்கிறார். வாசகி கோடு கீறிக் கொடுத்தார். பிளானில் உள்ள யன்னலும் பக்கத்தோற்றத்தில் உள்ள யன்னலும் பொருந்தவில்லை என்று பிரதேச சபையிலிருந்து படம் திரும்பி வந்துவிட்டது. மென்பொருளைத் திரும்ப ஏற்றுவதா, கோடு கோடாக வரையும் ஓட்டோகாட் மென்பொருளுக்கே போய்விடுவதா, கோடு கீறுவது உண்மையில் பிழையா என்று கேட்கிறார்.

அன்பின் சகோதரிக்கு,

உயரங்களை எல்லாம் எண்ணோடு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதி விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. உங்கள் மென்பொருளில் பழுது இல்லை. அழித்துத் திரும்ப ஏற்றினாலும் இதே பிளான்தான் இதே மாதிரி வரும். எது தெரியும், எது தெரியாது என்ற அமைப்புகள் எல்லாம் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் வீட்டுக் கோப்புக்குள் இருக்கின்றன, கணினியில் ஏற்றிய மென்பொருளுக்குள் இல்லை. கோப்பை வேறு கணினியில் திறந்து பாருங்கள், அங்கேயும் யன்னல் இராது. அரை நாளை அதில் செலவழிக்க வேண்டாம்.

கடிதத்தில் இன்னோர் எண்ணமும் தெரிகிறது. “கீழ்த்தள லெவலில்தானே வைத்தேன், கீழ்த்தள பிளானில் தெரியத்தானே வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ரெவிட் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு பொருள் எந்த லெவலுக்கு, அதாவது எந்தத் தள மட்டத்துக்குச் சொந்தம் என்பது அதன் உயரத்தை அளக்கும் அடிப்படை, அவ்வளவுதான். பிளானில் அது வருமா என்பதை அந்தப் பொருள் உண்மையில் நிற்கும் உயரம்தான் தீர்மானிக்கிறது. வரைந்த உடனே ஒரு மஞ்சள் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும்: உருவாக்கிய பொருள் எதுவும் இந்தப் பார்வையில் தெரியவில்லை, பார்வையின் அமைப்புகளையும் பிளான் ரீஜன்களையும் சரிபார்க்கவும் என்று. பலர் அதை வாசிக்காமலே மூடிவிடுகிறார்கள். அது வந்தால் அந்த இடத்திலேயே நின்று பாருங்கள். காரணம் அப்போது ஒன்றுதான் இருக்கும், நாலு நாள் கழித்துத் தேடினால் ஐந்தாறு காரணங்கள் கலந்திருக்கும்.

வெட்டுமட்டமும் நாலு எண்களும்

பிளானில் எதையும் தெரிவு செய்யாமல் புரொப்பர்ட்டீஸ் பட்டியலில் கீழே போனால் வியூ ரேஞ்ச் இருக்கும். அதற்குள் நாலு எண்கள்: டொப், கட் பிளேன், பொட்டம், வியூ டெப்த். மெட்ரிக் கட்டடக்கலை டெம்பிளேட் என்ற தொடக்க மாதிரிக் கோப்பில் தொடங்கியிருந்தால் அவை பெரும்பாலும் 2300, 1200, 0, 0 என்று இருக்கும். கட் பிளேன் என்பது வீடு முழுவதையும் ஒரே உயரத்தில் வெட்டும் மட்டம். 2018 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு அறைச் சுவர், கதவு, அலுமாரி என்று பாராமல் ஒரே உயரத்தில் ஓடிய சேற்றுக் கறையை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோடுதான் இது. அந்தக் கோடு எதன் ஊடாகப் போகிறதோ அது தடித்த கோட்டில் வெட்டுப்பட்டு வரும். அதற்குக் கீழே, பொட்டம் வரை உள்ளது மேலிருந்து பார்ப்பதுபோல மெல்லிய கோட்டில் வரும். அதற்கு மேலே உள்ளது பொதுவாக வராது.

மேலே உள்ளதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. யன்னல், கேஸ்வேர்க் எனப்படும் அலுமாரி வகை, தனி வகை இல்லாத பொருள்களுக்கான ஜெனரிக் மொடல் ஆகிய மூன்று வகைகளும் கட் பிளேனுக்கு மேலே, டொப்புக்குக் கீழே இருந்தால் காட்டப்படலாம். ஆனால் யன்னலில் இது பலரை ஏமாற்றிவிடுகிறது. 1200 உயரத்தில் சுவர் முழுச் சுவராகத்தான் வெட்டுப்படுகிறது, திறப்பு அங்கே இல்லை. யன்னல் ஃபெமிலிக்குள் (அந்த யன்னல் வகையின் மூலக் கோப்பு) பிளானுக்கென்று குறியீட்டுக் கோடுகள் போட்டிருக்காவிட்டால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது நிறைந்த சுவர் மட்டுமே.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். புதிய பகுதியின் தரை +300. அங்கே சாதாரண யன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 900, திறப்புக்கு மேலுள்ள லின்டலின் மட்டம் 2100 என்று வைத்திருக்கிறீர்கள். பழைய தரையிலிருந்து அளந்தால் அது 1200 முதல் 2400 வரை. கட் பிளேனும் 1200. யன்னலின் அடிவிளிம்பை உரசிக்கொண்டு போகிறது, அதனால்தான் ஒழுங்காக வரவில்லை. காற்றுத்துவாரத்தின் அடி 1650, பழைய தரையிலிருந்து 1950. அதன் தலை 2400, டொப்பையும் தாண்டி நிற்கிறது. நீங்கள் 2200க்கு உயர்த்தியபோது அது காற்றுத்துவாரத்தின் நடுவால் போனது, அதனால் தெரிந்தது. பழைய வீட்டில் கதவும் யன்னலும் 2100இல் முடிகின்றன. வெட்டு அவற்றுக்கு மேலே லின்டலுக்குள்ளால் போய்விட்டது, எனவே சுவர் இடைவெளி இல்லாமல் ஓடியது. சில கதவு ஃபெமிலிகளில் திறக்கும் வளைவுக் கோடு மட்டும் தனியே நிற்கும், அதைப் பார்த்து இன்னும் குழம்பியிருப்பீர்கள்.

கணக்குப் பார்த்தால் 2000 என்று போட்டால் இரண்டு பகுதியிலும் எல்லாத் திறப்புகளும் வெட்டுப்படும். ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றுத்துவாரத்தின் அடிக்கும் அந்த மட்டத்துக்கும் இடையே இருப்பது 50 மி.மீ. வீட்டுக்காரர் காற்றுத்துவாரத்தைச் சற்று உயர்த்தச் சொன்னால் அது மறுபடி மறையும், அப்போது ஏனென்று யாருக்கும் நினைவிருக்காது.

பிளான் ரீஜன்: உங்களுக்கு உரிய தீர்வு

பிரதான கட் பிளேனை 1200க்குத் திருப்பி வையுங்கள். பிறகு வியூ பட்டியில் பிளான் வியூஸ் என்பதன் கீழுள்ள, ஒரு பகுதிக்கு மட்டும் வேறு வியூ ரேஞ்ச் கொடுக்கும் பிளான் ரீஜனை எடுத்து, புதிய அறையையும் குளியலறையையும் சுற்றி மூடிய பெட்டி ஒன்று வரையுங்கள். வெளிச்சுவரின் முழுத் தடிப்பும் உள்ளே அடங்க வேண்டும், அதற்கு அப்பாலும் 100 மி.மீ. விடுங்கள். சுவரின் நடுவால் கோடு போனால் யன்னல் பாதி உள்ளே பாதி வெளியே என்று நிற்கும், அப்போது பலன் கிடைக்காது. பழைய வீட்டோடு ஒட்டும் பொதுச் சுவரில் மட்டும் கவனம் தேவை. அதிலுள்ள கதவு எந்தத் தரையிலிருந்து அளந்து வைத்தது என்று பார்த்து, அதன் தலை 2400 என்றால் அந்தச் சுவரையும் உள்ளே எடுங்கள், 2100 என்றால் வெளியே விடுங்கள்.

பெட்டியைத் தெரிவு செய்து அதன் வியூ ரேஞ்சில் டொப் 2700, கட் பிளேன் 2150 என்று கொடுங்கள். பொட்டமும் வியூ டெப்த்தும் பிரதான பிளானில் உள்ளதுபோலவே இருக்கட்டும். 2150 என்பது புதிய தரையிலிருந்து 1850. அறையின் கதவு (300 முதல் 2400), யன்னல் (1200 முதல் 2400), காற்றுத்துவாரம் (1950 முதல் 2400) மூன்றும் அந்த மட்டத்தில் திறந்திருக்கின்றன. எல்லாம் ஒரே லின்டல் மட்டத்தில் முடிவதால் கிடைக்கும் வசதி இது. இல்லாவிட்டால் ஒவ்வொரு காற்றுத்துவாரத்துக்கும் தனிப் பெட்டி போட வேண்டியிருக்கும். பிளான் ரீஜன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, விளிம்போடு விளிம்பு ஒட்டலாம்.

பெட்டியின் புள்ளிக்கோடு அச்சில் வேண்டாம் என்றால் வி, ஜி விசைகளை அடுத்தடுத்துத் தட்டி வரும் பெட்டகத்தில் அனோட்டேஷன் பக்கத்துக்குப் போய் பிளான் ரீஜன்ஸ் என்பதை அணையுங்கள். கோடு மறைந்தாலும் அதன் வேலை தொடரும். ஆனால் இதனாலேயே அடுத்து வருபவர் குழம்புவார். ஒரு மூலையில் மட்டும் வெட்டு வேறு மாதிரி இருந்தால் முதலில் மறைந்திருக்கும் பிளான் ரீஜனைத் தேட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

உயரத்தில் இருக்கும் யன்னலைச் சாதாரண யன்னல்போலவே காட்டுவது போதாது என்று நினைக்கிறேன். மேசன் பிளானைப் பார்த்து 900இல் திறப்பு விட்டுவிடக் கூடும். யன்னல் குறியீட்டின் பக்கத்தில் அடிமட்டம் 1650 என்று எழுதுங்கள், யன்னல் அட்டவணையிலும் அடிமட்டத்துக்கு ஒரு நிரல் சேருங்கள்.

தரைக்குக் கீழே உள்ளவை

விறாந்தைத் தரை −150இல், பொட்டத்துக்குக் கீழே இருந்தும் தெரிகிறது, அதைவிடச் சற்றுக் கீழே உள்ள படிகள் தெரியவில்லை. இது உங்களுக்கு முரணாகப் பட்டிருக்கிறது. காரணம் இதுதான்: தரை, மாடிப்படி, சரிவுப்பாதை ஆகிய வகைகளைப் பொட்டத்துக்குக் கீழே 4 அடி, ஏறத்தாழ 1.2 மீற்றர் வரை ரெவிட் தானாகவே காட்டும். நீங்கள் படிகளை ஜெனரிக் மொடலாக வரைந்திருக்கிறீர்கள். அந்தச் சலுகை அதற்குக் கிடைக்காது. மலக்குழி மூடிக்கும் அதே கதை.

பொட்டத்துக்கும் கீழே எதுவரை பார்ப்பது என்று சொல்லும் வியூ டெப்த்தை −700 ஆக்குங்கள். அது மட்டும் செய்தால் படிகளும் மூடியும் “பியோண்ட்” என்ற கோட்டு வகையில் வரும். அந்தக் கோட்டு வகை உங்கள் டெம்பிளேட்டில் மங்கலாக இருந்தால் அச்சில் காணாமலே போகலாம். சாதாரணக் கோட்டில் வேண்டும் என்றால் பொட்டத்தையும் −700 ஆக்குங்கள். இரண்டையும் ஒரே பெட்டகத்தில் சேர்த்து மாற்றுங்கள். வியூ டெப்த்தைவிடப் பொட்டம் கீழே இருக்க முடியாது, பொட்டத்தை மட்டும் மாற்றி ஓகே அழுத்தினால் பிழைச்செய்தி வரும். உங்கள் அத்திவாரத்தின் அகன்ற அடி −900இல் தொடங்குவதால் −700 வரை இறங்கினாலும் அது பிளானுக்குள் வராது. நில மேற்பரப்பை வரைந்திருந்தால் அது வந்து வளவு முழுவதையும் நிரப்பும். வி, ஜி பெட்டகத்தில் அந்த வகையை அணைத்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் படிகளை ஜெனரிக் மொடலிலிருந்து எடுத்து, மாடிப்படிக் கருவியாலோ தரைக் கருவியாலோ திரும்ப வரையுங்கள். கொங்கிறீற் அளவு எடுக்கும்போது உரிய அட்டவணையில் வந்து சேரும்.

கிணற்றடி மறைப்புச் சுவர் வேறொரு விதியில் மாட்டியிருக்கிறது. நிலத்திலிருந்து 1800 உயரம் என்றால் அதன் தலை பழைய தரையிலிருந்து +1350. கட் பிளேன் அதன் ஊடாகத்தான் போகிறது, இருந்தும் வெட்டுப்படவில்லை. ஏறத்தாழ 6 அடிக்குக் குறைந்த சுவர்களை, கட் பிளேன் தொட்டாலும், ரெவிட் வெட்டாமல் மேலிருந்து பார்த்த கோடாகவே காட்டும். அந்த 6 அடியைச் சுவரின் அடியிலிருந்து அளப்பதில்லை, வியூ ரேஞ்சின் பொட்டத்திலிருந்து சுவரின் தலை வரை அளக்கும். பொட்டம் 0 என்றால் 1350 மட்டும்தான். படிகளுக்காகப் பொட்டத்தை −700க்கு இறக்கியதும் அது 2050 ஆகிவிடும், சுவர் தடித்த கோட்டில் வெட்டுப்பட்டு வரக்கூடும். வந்தால் பயப்பட வேண்டாம். ஆளை மறைக்கும் உயரச் சுவரை வெட்டுச் சுவராகக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விறாந்தை அரைச்சுவர் மெல்லிய கோடாகவே இருக்க வேண்டும், அது அப்படியே இருக்கும், ஏனென்றால் கட் பிளேன் அதைத் தொடவில்லை. இரண்டின் பக்கத்திலும் உயரத்தை எழுதிவிடுங்கள்.

கூரை விளிம்பு

இது டொப்புக்கு மேலே இருப்பது, எனவே வியூ ரேஞ்சால் கொண்டுவர முயல வேண்டாம். புரொப்பர்ட்டீஸில் அண்டர்லே என்ற பகுதியில் கூரை லெவலைத் தற்காலிகமாகக் கொடுங்கள், கூரை மங்கலாக அடியில் தெரியும். எல், டபிள்யூ விசைகளால் லைன்வேர்க் கருவியை எடுத்து, “ஓவர்ஹெட்” கோட்டு வகையைத் தெரிந்து, கூரையின் வெளிவிளிம்பை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு அண்டர்லேயை நன் என்று ஆக்கினாலும் புள்ளிக்கோடு நிற்கும். இந்தக் கோடு கூரையின் விளிம்பிலேயே பிடித்திருப்பதால் கூரை நீட்டத்தை மாற்றினால் கூடவே நகரும். யன்னலுக்கு மேலுள்ள சன்சேட்டுகளையும் காட்ட விரும்பினால் இதே வழிதான்.

காணாமற்போன அறையும் காணாமற்போன சுவர்களும்

இந்த இரண்டுக்கும் உயரத்தோடு சம்பந்தமே இல்லை. “பழைய வீடு” பிளானின் புரொப்பர்ட்டீஸில் அடிப்பக்கம், கட்டும் காலகட்டத்தைக் குறிக்கும் பேஸ் என்றும், எந்தக் காலகட்டத்தை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் பேஸ் ஃபில்டர் என்றும் இரண்டு வரிகள் இருக்கும். அந்த பிளானின் பேஸ் எக்ஸிஸ்டிங் என்று நிற்கிறது. புதிய அறை நியூ கன்ஸ்ட்ரக்ஷன் காலத்தில் பிறந்தது, பழைய காலத்துப் படத்தில் அது இருக்க முடியாது. உங்கள் வேலைக்கு இது கெடுதல் அல்ல, மிகப் பெரிய உதவி. இருக்கும் வீட்டை மட்டும் காட்டும் படம் ஒன்று தானாகவே கிடைத்துவிட்டது.

சபைக்குக் கொடுக்கும் பிளானில் பேஸை நியூ கன்ஸ்ட்ரக்ஷன் என்றும், பேஸ் ஃபில்டரை ஷோ ஓல் என்றும் வையுங்கள். பழையது, இடிப்பது, புதியது மூன்றும் வேறு வேறு தோற்றத்தில் வரும். உங்கள் சபை எந்த நிறத்தில் கேட்கிறதோ அதை பேஸிங் பெட்டகத்தில் கொடுக்கலாம். ஷோ கம்ப்ளீட் என்று வைத்தால் இடித்துக் கதவு வைக்கும் பின்சுவர்த் துண்டு மறைந்து, பழையதும் புதியதும் ஒரே மாதிரித் தெரியும்.

இங்கே உண்மையான ஆபத்து வேறு. சிலர் புதிய சுவர் பழைய வீட்டுப் பிளானில் தெரியவில்லை என்று அங்கேயே மறுபடி வரைந்துவிடுகிறார்கள். அது எக்ஸிஸ்டிங் என்று பதிவாகும். ஒரே இடத்தில் இரண்டு சுவர், அல்லது புதிய சுவரே பழைய சுவர் என்ற கணக்கு. சீமெந்துக் கல் மதிப்பீடு அட்டவணையிலிருந்து எடுக்கும்போது அந்தக் கற்கள் புதிய வேலையில் வராது, வீட்டுக்காரர் கல் போதாமல் வேலையின் நடுவில் நிற்பார். எனவே முப்பரிமாணத்தில் புதிய சுவர்களை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து பேஸ் கிரியேட்டட் வரியைச் சரிபாருங்கள்.

பொறியியலாளரின் பிளானில், படம் எந்தத் துறைக்கானது என்று சொல்லும் டிசிப்ளின் என்ற வரி ஸ்ட்ரக்சரல் (கட்டமைப்பு) என்று நிற்கிறது. அந்த அமைப்பில் பாரம் தாங்காத சுவர்கள் காட்டப்படா. கட்டடக்கலைப் பட்டியிலிருந்து எடுத்து வரையும் சுவர் எல்லாம், நீங்கள் மாற்றாதவரை, பாரம் தாங்காதது என்றே பதிவாகும். டிசிப்ளினைக் கோஓர்டினேஷன் என்று மாற்றினால் எல்லாம் வரும். ஆனால் ஒரு தட்டு வீட்டில் கூரை உண்மையில் சுவரில்தான் உட்கார்கிறது என்றால், அந்தச் சுவர்களின் ஸ்ட்ரக்சரல் யூசேஜைப் பெயரிங் என்று திருத்துவதே நேர்மையான விடை. எது பாரம் தாங்குகிறது என்று பொறியியலாளரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

மங்கிக் கிடக்கும் வியூ ரேஞ்சுக்குக் காரணம், பல பார்வைகளுக்கு ஒரே அமைப்பைக் கொடுக்கும் வியூ டெம்பிளேட். யாரோ அந்தப் பார்வைக்கு ஒரு டெம்பிளேட் பூட்டியிருக்கிறார்கள், அது வியூ ரேஞ்சையும் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றி எறிய வேண்டாம், மற்றப் பிளான்களும் அதில் தொங்குகின்றன. டெம்பிளேட்டைத் திறந்து வியூ ரேஞ்ச் வரியில் இன்க்ளூட் என்ற சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு பிளானிலும் தனித்தனியே மாற்றலாம்.

இனிமேல் ஒன்று மறைந்தால் தேடும் ஒழுங்கு

முதலில் முப்பரிமாணத்தில் பொருளைத் தெரிவு செய்து நாலு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடியின் உயரம், தலையின் உயரம், எந்த வகை, எந்த பேஸ். இதைச் செய்யாமல் பிளானில் பொத்தான்களை அழுத்துவதில் பயனில்லை.

அடுத்து பிளானின் கீழ்ப்பட்டியில் உள்ள மின்குமிழ் அடையாளத்தை அழுத்துங்கள். யாராவது கையால் மறைத்த பொருள்கள் செந்நீல நிறத்தில் வெளிவரும். தெரிவு செய்து மேலே அன்ஹைட் எலிமென்ட், அல்லது வகை முழுவதையும் மறைத்திருந்தால் அன்ஹைட் கட்டகரி. பார்வையைச் சுற்றி நீலப்பச்சை நிறத்தில் ஒரு சட்டம் தெரிந்தால் அது தற்காலிக மறைப்பு, எச், ஆர் விசைகள் அதைக் கலைக்கும். குமிழை அழுத்தியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் உயரம், பேஸ் அல்லது டிசிப்ளின்.

அப்போதும் பிடிபடாவிட்டால் அந்தப் பிளானைப் பிரதி எடுத்து “சோதனை” என்று பெயர் வையுங்கள். அதில் டெம்பிளேட் நன், டிசிப்ளின் கோஓர்டினேஷன், பேஸ் ஃபில்டர் நன், டீட்டெயில் லெவல் ஃபைன், பார்வையின் ஓரங்களை வெட்டும் கிரொப்பை அணைத்து, டொப்பையும் பொட்டத்தையும் வியூ டெப்த்தையும் அன்லிமிட்டெட் ஆக்கி, கட் பிளேனைப் பொருளின் அடிக்கும் தலைக்கும் நடுவில் வையுங்கள். பொருள் இப்போது தெரியும். பிறகு ஒவ்வோர் அமைப்பாகப் பழைய நிலைக்குத் திருப்புங்கள். எதைத் திருப்பும்போது மறைகிறதோ அதுதான் காரணம். இரண்டை ஒரே நேரத்தில் திருப்பினால் இந்தச் சோதனை கெட்டுவிடும். வேலை முடிந்ததும் அந்தப் பார்வையை அழித்துவிடுங்கள், தவறிப்போய் அச்சுத் தாளில் ஏறிவிடக் கூடாது.

பலர் ஒன்றாக வேலை செய்யும் கோப்பு என்றால் வேலையைப் பங்கிடப் பிரித்த வேர்க்செட் என்ற தொகுதி மூடியிருக்கிறதா என்றும், இரண்டு வடிவமைப்புத் தெரிவுகள் வைத்திருந்தால் எது திறந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவை இல்லை, எனவே அதற்குள் போகவில்லை.

கோடு கீறுவது பிழையா?

நீங்கள் கையால் கீறிய கோடு ரெவிட்டில் டீட்டெயில் லைன் எனப்படும்; அது வரைந்த பார்வையில் மட்டும் இருக்கும். பக்கத்தோற்றத்தில், வெட்டுமுகத்தில், யன்னல் அட்டவணையில் அது இல்லை. சுவரை நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே நிற்கும். உங்கள் படம் திரும்பி வந்ததற்கு இதுதான் காரணம்: யன்னல் சற்று நகர்ந்தது, கீறிய கோடு நகரவில்லை. சபையில் பிடித்தது நல்லதாகப் போயிற்று. அது பிடிபடாமல் வளவுக்குப் போயிருந்தால் மேசன் பிளானைத்தான் பார்ப்பார். திறப்பு விடாமல் கல் வைத்து, லின்டல் வார்த்து, பூசி முடித்த பிறகு 600க்கு 450 துவாரம் ஒன்றை உடைத்தெடுக்க வேண்டிவரும். பூச்சும் கல்லும் கூலியும் வீட்டுக்காரரின் தலையில் விழும். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டோடு சேர்த்துக் கட்டச் சிறுகச் சிறுகச் சேமித்தவர் அவர்.

எனவே யன்னல், கதவு, சுவர், படி போன்று கட்டப்படும் எதற்கும் கோடு கீற வேண்டாம். பெரியவர் சொன்னதில் நியாயமான பகுதியும் உண்டு. நிலை குறிக்கும் அம்பு, சரிவுக் குறி, மொடலாக வரையாத பக்கத்துக் காணி வேலி போன்றவற்றுக்கு டீட்டெயில் லைன் போதும், அதற்கென்று மொடல் செய்வது வீண்வேலை.

ஓட்டோகாட்டுக்கு மாறுவதை இந்த வேலையில் நான் ஏற்க மாட்டேன். ஏற்றுமதி செய்த அந்தக் கணத்தோடு பிளானுக்கும் மொடலுக்கும் உறவு அறுந்துவிடும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாலு படத்திலும் கையால் செய்ய வேண்டும். அலுவலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஓட்டோகாட்டில்தான் இருக்கிறார்கள் என்றால், கடைசித் தாள்களை மட்டும் ஏற்றுமதி செய்து கொடுங்கள், திருத்தங்கள் ரெவிட்டிலேயே நடக்கட்டும்.

பெரியவரோடு வாதாடத் தேவையில்லை. அவர் முன்னால் கோப்பைத் திறந்து கட் பிளேனை 1200, 2000, 2200 என்று மாற்றிக் காட்டுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எந்தத் திறப்பு வருகிறது, எது போகிறது என்று அவரே பார்ப்பார். படத்தில் கையெழுத்து வைப்பவருக்கு இது அவரது பொறுப்பும்கூட. அப்படியும் கோடுதான் கீறச் சொன்னால், எந்த யன்னல் எந்தப் படத்தில் கோடாக மட்டும் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, திகதியிட்டுக் கோப்போடு வைத்துவிடுங்கள். பின்னால் கேள்வி வந்தால் நீங்கள் சொன்னீர்கள் என்பதற்கு அது போதும்.

திரும்பக் கொடுக்குமுன் முன்பு கீறிய டீட்டெயில் லைன்களை எல்லாம் அழிக்க மறக்காதீர்கள். ஒரு கோட்டைத் தெரிவு செய்து வலப்பக்கச் சொடுக்கில் “செலக்ட் ஓல் இன்ஸ்டன்சஸ், விசிபிள் இன் வியூ” என்று கொடுத்தால் அதே கோட்டு வகையில் உள்ள மற்றவையும் பிடிபடும். அவற்றில் நிலை அம்பு, வேலிக்கோடு இருந்தால் ஷிப்ட் விசையோடு சொடுக்கி விலக்கிவிட்டு அழியுங்கள். பிறகு பிடிஎஃப் எடுத்து 1:100இல் ஒரு தாள் அச்சிட்டு, யன்னல் அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு குறியீட்டு இலக்கத்தையும் பிளானிலும் பக்கத்தோற்றத்திலும் பென்சிலால் சரி போட்டுக்கொண்டே வாருங்கள். அட்டவணையில் இருந்து பிளானில் இல்லாத இலக்கம் ஒன்று மிஞ்சினால், மேலே சொன்ன தேடலை அந்த யன்னலுக்கு முதலிலிருந்து தொடங்குங்கள்.